ஆமை வளர்ப்பவர்கள் கவனத்திற்கு
(சங்கத்தின் பொதுக்கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

செயலாளர் எனக்குப் பத்து நிமிடம் கொடுத்திருக்கிறார். ஆமையைப் பற்றிப் பத்து நிமிடமா என்று பின்வரிசையில் சிரிப்பது கேட்கிறது. நம் மூன்று பிளாக்கிலும் சேர்த்து எனக்குத் தெரிந்தே ஏழு வீடுகளில் ஆமை இருக்கிறது. போன மாதம் கேட் அருகில் உள்ள அல்லித் தொட்டியில் யாரோ ஒன்றை விட்டுவிட்டுப் போனார்கள். அதனால்தான் பேச வந்தேன்.

முதலில் உங்களிடம் இருப்பது எந்த ஆமை என்று பாருங்கள். ஓட்டில் மஞ்சள் நிற நட்சத்திரக் கோடுகள் உள்ள நிலத்தாமை என்றால் அது நம் நாட்டு நட்சத்திர ஆமை. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருப்பது. கடைக்காரர் பில் கொடுத்திருந்தாலும் வீட்டில் வைத்திருப்பது குற்றம், சிறைத் தண்டனை உண்டு. வனத்துறையிடம் ஒப்படைப்பதுதான் வழி. 'ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாது' என்று சொன்ன ஊரில் இன்று வாஸ்துவுக்கு ஆமை வாங்குகிறார்கள்! வங்கியில் கடன் வசூல் பிரிவில் இருந்தவன் நான், அமீனாவைப் பற்றி மட்டும் சாட்சி சொல்ல முடியும்.

மற்ற வீடுகளில் இருப்பது கண்ணுக்குப் பின்னால் சிவப்புப் பட்டை உள்ள நீர் ஆமை. சொந்த ஊர் அமெரிக்கா. வாங்கும்போது ரூபாய் நாணயத்தைவிடக் கொஞ்சம் பெரிதாக இருக்கும். பெண் ஆமை பத்து அங்குலம்கூட வளரும். ஓட்டின் நீளம் அங்குலத்துக்கு 40 லிட்டர் தண்ணீர் என்பது கணக்கு. ஆறு அங்குல ஆமைக்கு 240 லிட்டர். பிளாஸ்டிக் பனைமரம் வைத்த அந்தச் சின்னக் கிண்ணம் எதற்கும் ஆகாது. தண்ணீரிலேயே தின்று அதிலேயே கழிக்கும் பிராணி, ஆகவே ஃபில்டர் அவசியம்.

வெயில் விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், இங்கேதான் பல வீடுகளில் தவறுகிறது. முழுவதும் நனையாமல் ஏறி உட்கார ஒரு கல்லோ பலகையோ வேண்டும். அங்கே நேரடி வெயில் பட வேண்டும். ஜன்னல் கண்ணாடி வழியாக வரும் வெயிலில் பயன் இல்லை. ஓடு கெட்டிப்படத் தேவையான புறஊதாக் கதிரைக் கண்ணாடி தடுத்துவிடும். காலையில் அரைமணி நேரம் பால்கனியில் வையுங்கள், பாதி இடத்தில் நிழல் இருக்கட்டும். சித்திரை மாதத்தில் மறந்துபோய் மதியம் வரை விட்டால் தண்ணீர் சூடேறிச் செத்துவிடும். வெயிலே வராத ஃபிளாட் என்றால் அதற்கென்று விற்கும் புறஊதா விளக்கு வாங்கத்தான் வேண்டும்.

சோறு, பிஸ்கட், பால் வேண்டாம். குட்டிக்குத் தினமும் ஆமைத் தீனி. வளர்ந்ததற்கு ஒருநாள் விட்டு ஒருநாள் தீனி, மற்றபடி கீரை. பசலை மட்டும் அடிக்கடி வேண்டாம், கால்சியத்தைச் சேரவிடாது. பறவைக் கூண்டில் தொங்கவிடும் கணவாய் ஓட்டைத் தண்ணீரில் போட்டால் கடித்துக்கொள்ளும். கண் வீங்கினாலோ, ஓடு மெத்தென்று ஆனாலோ, ஒரு பக்கமாகச் சாய்ந்து மிதந்தாலோ கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். சாய்ந்து மிதப்பது பெரும்பாலும் நுரையீரல் கோளாறு.

குழந்தைகள் உள்ள வீட்டாருக்கு ஒன்று. ஆமையின் உடம்பில் சால்மொனெல்லா கிருமி இருக்கும். பார்த்தால் தெரியாது. இதனால்தான் அமெரிக்காவில் நான்கு அங்குலத்துக்குக் குறைந்த ஆமைகளை விற்க 1975லேயே தடை போட்டார்கள். தொட்டால் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். தொட்டியைச் சமையலறை சிங்க்கில் கழுவக் கூடாது. ஐந்து வயதுக்குக் கீழே உள்ளவர்கள் தொடவே வேண்டாம்.

இது 30 வருடமும் வாழக்கூடியது. மாற்றலாகிப் போகிறவர்கள் கோயில் குளத்தில் விடுவது புண்ணியம் என்று நினைக்கிறார்கள். அங்குள்ள நம் ஊர் ஆமைகளின் இரையையும் இடத்தையும் இது பிடுங்கிக்கொள்ளும். விடாதீர்கள், என்னிடம் சொல்லுங்கள். சேர்ந்து வேறு வீடு தேடுவோம்.

என் மகன் வெளிநாடு போகும்போது விட்டுச்சென்ற ஆமைக்கு இப்போது ஒன்பது வயது. எனக்கு 66. டெபாசிட்டுக்கெல்லாம் வாரிசு நியமனம் செய்தாயிற்று, இதற்கு மட்டும் பாக்கி. சி பிளாக் மூன்றாம் மாடிப் பையன் ஒருவன் 'நான் பாத்துக்கறேன் தாத்தா' என்றான். அவன் அம்மாவிடம் இன்னும் கேட்கவில்லை. அந்த அம்மா இப்போது இரண்டாவது வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறார்.