மேசை துடைத்தவளின் காது
(மகளிர் பிரிவு வாசிப்பு வட்டத்தில் நிகழ்த்திய உரை)



கொழுந்து நிறுத்துக் கொடுத்துவிட்டு, வீட்டு வேலையைப் பாதியில் விட்டுவிட்டு வந்திருக்கிறீர்கள். அதனால் நீட்ட மாட்டேன். இம்முறை நான் எடுத்திருப்பது ஓர் ஆங்கில நாவல். பெயர் ‘தி அலிஸ் நெட்வேர்க்’. கேட் குவின் என்ற அமெரிக்கப் பெண் எழுதி 2017இல் வெளிவந்தது. முதலாம் உலக யுத்தத்தில் ஒற்றர்களாக வேலை செய்த பெண்களின் கதை.

ஒற்றர் என்றதும் நமக்குச் சினிமாவில் வரும் கறுப்புக் கண்ணாடியும் துப்பாக்கியும்தான் நினைவுக்கு வரும். இந்தக் கதையில் வரும் ஈவ் அப்படி இல்லை. லண்டனில் ஒரு சட்ட அலுவலகத்தில் கோப்பு அடுக்கும் வேலை அவளுக்கு. பேசும்போது வாய் திக்கும். திக்கிப் பேசுகிறவளைக் கண்டால் ஊர் என்ன நினைக்கும்? புத்தி மட்டு என்று நினைக்கும். ஆனால் அவளுக்குப் பிரெஞ்சும் தெரியும், ஜேர்மனும் தெரியும். ஓர் இராணுவ அதிகாரி இதைக் கவனிக்கிறார். யாரும் பொருட்படுத்தாத பெண், ஆனால் எல்லாம் விளங்கிக்கொள்கிற பெண். 1915இல் பயிற்சி கொடுத்து அவளை லில் நகரத்துக்கு அனுப்பி வைக்கிறார்கள்.

லில் எங்கே இருக்கிறது? பிரான்சின் வடக்கே, பெல்ஜியம் எல்லையோரம். பஞ்சாலைகள் நிறைந்த தொழிலாளர் பட்டணம். 1914 ஒக்டோபரில் ஜேர்மன் படை அதைப் பிடித்தது. ஊர்க் கடிகாரங்களைக்கூட ஜேர்மன் நேரத்துக்குத் திருப்பி வைத்தார்கள். உணவு படைக்குப் போனது, சனம் பசியில் கிடந்தது. 1916 ஏப்ரலில் லில்லிலும் பக்கத்து ஊர்களிலும் தெருக்களைச் சிப்பாய்கள் சுற்றி வளைத்து, வீடு வீடாக ஆட்களைப் பொறுக்கினார்கள். இளம்பெண்கள் பலர் உட்பட ஏறத்தாழ 20,000 பேரைத் தூரத்துக் கிராமங்களில் வயல் வேலைக்கு ஏற்றி அனுப்பினார்கள். இது நாவலாசிரியர் கட்டியது அல்ல, வரலாறு. ஆட்களை வேலைக்கு ஏற்றிக்கொண்டு போவது என்றால் என்ன என்று உங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை.

அந்த ஊரில் ஜேர்மன் அதிகாரிகள் வந்து சாப்பிடும் ஓர் உயர்தர உணவு விடுதியில் ஈவ் மேசை பரிமாறும் வேலைக்குச் சேர்கிறாள். முதலாளி பிரெஞ்சுக்காரன்தான். ஊர் பட்டினி கிடக்கும்போது எதிரிக்கு விருந்து வைத்துப் பணம் பார்க்கிறவன். அதிகாரிகள் அவள் முன்னாலேயே படை நகர்வைப் பேசுவார்கள். தட்டு எடுக்க வந்தவளுக்குக் காது இருக்கிறது என்று அவர்களுக்குத் தோன்றுவதே இல்லை. துரை பங்களாவில் அப்புவாகவோ ஆயாவாகவோ வேலை பார்த்தவர்கள் இங்கே இருந்தால் இப்போது சிரிப்பார்கள். கூலி கொடுப்பவன் இருக்கும் அறையில் வேலைக்காரியும் ஒரு நாற்காலி மாதிரித்தான். அந்த அலட்சியத்தைத்தான் இந்தப் பெண்கள் ஆயுதமாக்கினார்கள். இதற்காகவே நாவலைப் படிக்கலாம் என்பேன்.

கேட்டதை ஈவ் யாரிடம் சொல்கிறாள்? லிலி என்ற பெண்ணிடம். ஈவ் கற்பனை. லிலியோ உண்மையில் வாழ்ந்த லூயிஸ் த பெத்தினியை வைத்து எழுதப்பட்டவள். 1880இல் பிறந்தவர். குடும்பம் நொடித்துப்போனதால் பணக்கார வீடுகளில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்துப் பிழைத்தவர். அந்த வேலையில் பழகிய மொழிகள் யுத்தத்தில் உதவின. ‘அலிஸ்’ என்பது அவருடைய புனைபெயர். அவருக்குக் கீழே ஏறத்தாழ நூறு பேர் இருந்தார்கள். அவர்கள் செய்ததில் பெரும்பகுதி எண்ணுவது. எத்தனை ரயில் போனது, எந்தப் பக்கம் போனது, ஆள் ஏற்றியதா பீரங்கி ஏற்றியதா என்று ஜன்னலோரத்தில் இருந்து எண்ணினார்கள். அதை மெல்லிய தாளில் பொடி எழுத்தில் எழுதி, மறைத்து எடுத்துக்கொண்டு, பெல்ஜியம் வழியாக ஒல்லாந்துக்குக் கடத்தினார்கள். அந்த எல்லையில் 1915இல் மின்சார வேலி போட்டார்கள். தொட்டால் சாவு.

எனக்கு ஒரு குறை உண்டு. அந்த நூறு பேரில் மிகச் சிலர்தான் கதைக்குள் வருகிறார்கள். ரயில் எண்ணியவர்களும் தாள் சுமந்தவர்களும் நிழலாகவே போகிறார்கள். பதிலுக்கு 1947இல் நடக்கும் இன்னொரு கதைக்குப் பாதிப் புத்தகம் கொடுத்திருக்கிறார். ஓர் அமெரிக்க இளம்பெண் காணாமல் போன உறவுப்பெண்ணைத் தேடி வருகிறாள். அவள் கண்ணில் படும் ஈவ் விரல்கள் நசுங்கிப்போன, குடித்தே நாளைக் கழிக்கிற கிழவி. அந்தக் கிழவியை மறக்க முடியாது, ஒப்புக்கொள்கிறேன். காதலும் பழிவாங்கலும் கொஞ்சம் கூடிப்போயிற்று, அவ்வளவுதான்.

நாவலை மூடிவிட்டு, லூயிஸுக்கு உண்மையில் நடந்ததைச் சொல்கிறேன். 1915 ஒக்டோபரில் பிடிபட்டார். அதே மாதம்தான் பிரசெல்ஸில் எடித் கவெல் என்ற ஆங்கிலத் தாதியைச் சுட்டுக் கொன்றிருந்தார்கள். உலகமே கொதித்தது. லூயிஸுக்கும் 1916 மார்ச்சில் மரண தண்டனை விதித்து, பிறகு ஆயுள்காலக் கட்டாய வேலையாக மாற்றினார்கள். ஜேர்மனியில் சீக்பூர்க் சிறைக்கு அனுப்பினார்கள். அங்கே கைதிகளிடம் வெடிகுண்டுக்கான உறுப்புகள் செய்யச் சொன்னார்கள். ‘எங்கள் ஆட்களைக் கொல்லும் குண்டை எங்கள் கையாலேயா?’ இதுதான் அவர்கள் முன்னால் இருந்த கேள்வி. லூயிஸ் செய்ய மறுத்தார். மற்றப் பெண்களையும் மறுக்கச் சொன்னார்.

அதாவது தோழர்களே, சிறைக்குள் வேலைநிறுத்தம். சந்தா இல்லை, கொடி இல்லை, பேச்சுவார்த்தைக்கு ஒரு தலைவர் இல்லை. தண்டனையாகக் குளிரில் தனியறையில் அடைத்தார்கள். நெஞ்சு நோய் பிடித்தது. 1918 செப்டம்பர் 27இல் கொலோன் நகரில் இறந்தார். வயது 38. யுத்தம் நவம்பர் 11இல் முடிந்தது. ஆறு வாரம்தான்.

லில்லில் 1927இல் அவருக்குச் சிலை வைத்தார்கள். சிப்பாய் ஒருவன் முழந்தாளிட்டு அவர் கையை முத்தமிடுவது போல் இருக்கும் சிலை.

புத்தகம் ஒரு பிரதிதான் கைவசம். உயர்தரம் படிக்கும் பிள்ளைகள் யாராவது எடுத்துப்போய், அடுத்த கூட்டத்தில் ஓர் அத்தியாயத்தைத் தமிழில் சொன்னால் நான் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். தேத்தண்ணீர் ஆறுகிறது, எடுத்துக்கொள்ளுங்கள்.