பதினோரு மணி டீ

நான் பத்தாவது வரைதான் படிச்சிருக்கேன். மைக் பிடிச்சுப் பழக்கமில்லை. கம்பெனி கூட்டங்களுக்கு டீயும் சாப்பாடும் செய்து கொடுத்ததில் எங்க குழு கத்துக்கிட்டதை மட்டும் சொல்றேன்.

பூந்தமல்லியில் இருந்து மவுண்ட் பக்கம் பஸ்ஸில் போனா, நந்தம்பாக்கத்தில் சென்னை வர்த்தக மையம் தெரியும். 2001-ல் திறந்தது. 2015, 2019, 2024-ம் வருஷங்களில் உலக முதலீட்டாளர்கள் மாநாடு அங்கேதான் நடந்தது. நம்ம அம்பத்தூர் தொழிற்பேட்டை உற்பத்தியாளர்கள் சங்கம் நடத்துற பெரிய இயந்திரக் கண்காட்சியும் அங்கேதான். அந்த இடத்தில் நமக்கு என்ன வேலைன்னு நினைச்சுக்கிட்டே பல தடவை தாண்டிப் போயிருக்கேன். ஆனா கூட்டம்னா அங்கே மட்டும் இல்லை. எஸ்டேட்டுக்குள்ளேயே டீலர் கூட்டம், பயிற்சி வகுப்புன்னு நடந்துக்கிட்டே இருக்கு. 40 பேர், 60 பேர்னு வருவாங்க. அது நம்ம கைக்கு அடங்குற வேலை.

எங்களுக்கு முதல் ஆர்டர் 60 பேருக்கு. 11 மணிக்கு டீ, சுண்டல். வானகரம் ரோட்டில் நெரிசல்ல மாட்டி 11.25-க்குப் போய்ச் சேர்ந்தோம். கல்யாண வீட்ல அரை மணி தள்ளிப் போனா யாரும் கேட்க மாட்டாங்க. இங்கே டீ இடைவேளை 15 நிமிஷம்தான். எல்லாரும் எழுந்து வந்து பார்த்துட்டு, திரும்ப உள்ளே போய் உட்கார்ந்துட்டாங்க. அத்தனை டீயும் ஆறிப்போச்சு. அன்னைக்குத்தான் புரிஞ்சுது, அவங்க நம்மகிட்ட வாங்குறது டீ மட்டும் இல்லை, நேரமும்தான். இப்போ ஒரு மணி நேரம் முன்னாடியே போய் அங்கேயே டீ போடுறோம்.

அடுத்தது பணம். இன்னொரு கம்பெனியில் மூணு நாள் பயிற்சி. தினம் 40 பேர், தலைக்கு 150 ரூபாய், மொத்தம் 18,000. வாய் வார்த்தையா பேசினதுதான். சாப்பாடு நல்லா இருக்குன்னு சொன்னாங்க. பணம் மட்டும் வரலை. அக்கவுண்ட்ஸ்ல ஆள் இல்லை, அடுத்த வாரம் வாங்கன்னு அஞ்சு மாசம் அலைய விட்டாங்க. இங்கே குழுக் கடன் தவணை காத்திருக்குமா? எங்க குழுவில் ஒரு அக்கா கம்மலை அடகு வச்சுத் தவணை கட்டினாங்க. அந்தக் கம்மலை மீட்கிற வரைக்கும் எனக்குத் தூக்கம் இல்லை.

அப்புறம்தான் விசாரிச்சோம். 2006-ல் வந்த குறு, சிறு தொழில் சட்டப்படி, பொருளோ சேவையோ வாங்கினவங்க அதிகபட்சம் 45 நாளுக்குள் பணம் கொடுக்கணும். தாமதமானா வட்டியோடு கேட்கலாம். ஆனா அதுக்கு நாம உத்யம் பதிவு செஞ்சிருக்கணும், அதுவும் ஆர்டர் எடுக்கிறதுக்கு முன்னாடியே. சுய உதவிக் குழு பேரிலேயே பதியலாம், கட்டணம் கிடையாது. எங்ககிட்ட அது இல்லாததால கெஞ்சித்தான் வாங்கினோம்.

இப்போ எங்க வழக்கம் இதுதான்: ஆர்டர் எழுத்தில் வேணும். பாதிப் பணம் முன்பணம். எத்தனை பேர், அதில் சைவம் எத்தனை, வெங்காயம் பூண்டு சேர்க்காதவங்க எத்தனைன்னு ரெண்டு நாள் முன்னாடியே கேட்டுக்கணும். உணவுப் பாதுகாப்புப் பதிவும் கையில் இருக்கணும்.

கடைசியா ஒரு கோரிக்கை. கூட்டத்துக்கு டீ மட்டும் போதாது. துணிப்பை வேணும், பூங்கொத்து வேணும், சால்வை வேணும். தைக்கிற குழுவும் பூக்கட்டுற குழுவும் இந்த ஹால்லதான் உட்கார்ந்திருக்கீங்க. தனித்தனியா கம்பெனி வாசல்ல நின்னா நம்ம குரல் உள்ளே கேட்காது. கூட்டமைப்பு பேரில் ஒரே விலைப்பட்டியல் போட்டு, ஒரே பில் கொடுத்தா, பணம் கேட்கவும் எல்லாரும் சேர்ந்து போகலாம். இனி எந்த அக்கா கம்மலும் அடகுக்குப் போகக் கூடாது.