பாயும் படுக்கையும்



தண்ணீரைவிட மணலே மிகுதியாய்க் கிடக்கும் பாலாற்றங்கரையில் கடற்கலத்தைப் பற்றிய பேச்சு எதற்கு என்று சிலர் எண்ணக்கூடும். பேச்சுக்கு வித்திட்டது கடல் அன்று, ஒரு சொல். தரையில் விரித்துப் படுப்பதும் பாய்; மரத்தில் ஏற்றிக் காற்றைப் பிடிப்பதும் பாய். ஓய்வுக்கும் ஓட்டத்திற்கும் தமிழ் ஒரே பெயரை இட்டிருக்கிறது. சிறு மரக்கலம் ஒன்றில் இவ்விரண்டும் எவ்வாறு ஒத்து வாழ்கின்றன என்பதே இன்றைய பொருள்.

வில்லியம் ஆல்பர்ட் ராபின்சன் என்னும் அமெரிக்கர் 1928இல் புறப்பட்டு, 1931இல் உலகைச் சுற்றித் திரும்பினார். அவருடைய பாய்ப்படகின் நீளம் ஏறத்தாழ 32 அடி, பெயர் ‘ஸ்வாப்’. உறக்கம், கனவு என்று பொருள்படும் வடசொல் அது. இதே மனிதர்தான் பின்னர் யாழ்ப்பாணத்து வல்வெட்டித்துறைத் தச்சர்கள் வேப்பமரத்தில் கட்டிய ‘அன்னபூரணி’யை விலைக்கு வாங்கியவர். தமிழ் மாலுமிகள் ஓட்டிச் சென்ற அக்கப்பல் 1938 ஆகஸ்டில் அமெரிக்காவின் குளோஸ்டர் துறையை அடைந்தது. 89 அடி நீளமுள்ள கப்பலில் உடலைச் சாய்க்க ஓர் இடம் காண்பது அரிதன்று. சோதனையெல்லாம் முப்பதடிப் படகில்தான்.

அங்கே படுக்கை என்பது சொகுசுப் பொருள் அன்று. உறங்காத மாலுமி திசைகாட்டியைத் தவறாக வாசிப்பான். கயிற்றை விட வேண்டிய கணத்தில் பிடித்துக்கொண்டிருப்பான். ஆகவே தச்சன் முதலில் இடத்தைத் தேர்கிறான். முன்முனை ஒவ்வோர் அலைக்கும் எழுந்து விழும். அங்கே படுத்தவன் துள்ளிக்கொண்டே இருப்பான். படகின் நடுப்பகுதிக்கும் பின்புறத்துக்கும் அசைவு குறைவு.

அகலம்தான் கவனிக்கத்தக்கது. வீட்டுக் கட்டில் அகன்றிருந்தால் நல்லது. படகுக் கட்டில் அகன்றால் ஆள் உருள்வான். தோளருகே இரண்டடி போதும். காலருகே ஒன்றேகால் அடியாகக் குறுகலாம். படகின் பக்கச்சுவர் நேர்கோடன்று என்பதால், அட்டையைப் பொருத்தி வெட்டி வெட்டி அதன் வளைவைப் படியெடுத்த பிறகே பலகையில் உளி படவேண்டும். தாங்கு சட்டங்களை வங்குக்கால்களில் முடுக்குவார்கள். வெளிப்பலகையில் துளையிடுவது கடலுக்குக் கதவு திறப்பதற்குச் சமம். இரும்பாணி துருவேறித் தன்னைச் சுற்றியுள்ள மரத்தையும் கெடுக்கும். செம்போ வெண்கலமோ வேண்டும்.

மேலே முழுப்பலகை இடுவது புதியவர் செய்யும் வேலை. விரலகல இடைவெளி விட்டுச் சட்டங்களை அடுக்கினால் மெத்தையின் அடியில் காற்று ஓடும். இல்லையேல் பூசணம் பிடிக்கும். அச்சட்டங்களும் கழற்றத்தக்கனவாக இருக்கவேண்டும். நள்ளிரவில் கசிவு கண்டால், படுக்கையைப் பெயர்த்தெடுத்து அடியைத் தொட வழி வேண்டுமல்லவா?

காற்றைப் பக்கவாட்டில் வாங்கி ஓடும் படகு மணிக்கணக்காக ஒருபுறம் சாய்ந்தே செல்லும். தாழ்ந்த புறத்தில் படுத்தவனைச் சுவரே தாங்கிக்கொள்ளும். உயர்ந்த புறத்தில் படுத்தவன் நடுத்தளத்தில் விழுவான். அவனுக்காகக் கட்டிலின் உள்விளிம்பில் ஒரு கித்தானை மெத்தைக்கடியில் பிணைத்து, மேல் உத்திரத்தில் இழுத்துக் கட்டுவார்கள். ஏறக்குறைய தொட்டிலேதான். எத்தனை பெரிய கடலோடியையும் அந்தத் துணி குழந்தையாக்கி விடுகிறது.

ஆம்பூரும் வாணியம்பாடியும் இராணிப்பேட்டையும் பெருமைப்படக்கூடிய செய்தி ஒன்று உண்டு. மரத்தோடு மரமோ கயிறோ உராயும் இடங்களில் பாய்க்கலத்தார் தோலைச் சுற்றித் தைப்பது பழைய வழக்கம். அதற்கும் மேலே போனவர் டிம் செவெரின். அயர்லாந்தின் பழைய துறவி பிரெண்டனின் பெயரால், மரச்சட்டத்தின்மீது 49 மாட்டுத் தோல்களைத் தைத்துப் போர்த்தி, 36 அடிப் படகொன்றைக் கட்டுவித்தார். இங்கே ஆவாரம்பட்டை செய்யும் வேலையை அங்கே ஓக் மரப்பட்டை செய்தது. நீர் புகாதிருக்க ஆட்டுமயிர்க் கொழுப்பைப் பூசினார்கள். 1976இல் புறப்பட்டு, ஐஸ்லாந்தில் குளிர்காலத்தைக் கழித்து, 1977 ஜூனில் நியூபவுண்ட்லாந்தில் கரையேறினார்கள்.

அது திறந்த படகு. மாலுமிகள் உறங்கியது நடுவில் கட்டிய கூடாரத்துணியின் கீழ். 1977இல் கிரீன்லாந்துக் கடலில் பேரலைகள் உள்ளே புகுந்து படகை நிரப்பின. இறைத்து முடித்தபின், உபரியாக வைத்திருந்த தோல்களை வெட்டித் துளையிட்டு, திறந்த நடுப்பகுதியின்மேல் ஆமையோடு போல் பிணைத்தார்கள். அடுத்த அலை அந்தத் தோலின்மேல் வழிந்து கடலுக்கே திரும்பியது. முறை முடிந்தவர்கள் உறங்கப் போனார்கள்.