பிறை மட்டும் போதாது: 1610-ல் கலிலியோ கண்ட வெள்ளி

கலிலியோ தொலைநோக்கியில் வெள்ளிக் கோளைப் பார்த்தார். அது நிலாவைப் போலப் பிறையாகத் தெரிந்தது. அதனால் பூமி சூரியனைச் சுற்றுகிறது என்று நிரூபணமாகிவிட்டது. கதையைப் பலரும் இப்படித்தான் சொல்வார்கள். முதல் இரண்டும் சரி. மூன்றாவதில்தான் வில்லங்கம்.

1610 செப்டம்பரில் கலிலியோ பதுவா பல்கலைக்கழக வேலையை விட்டுவிட்டு பிளாரன்சுக்குக் குடிபெயர்ந்தார். மெடிச்சி அரசவையில் புதுப் பதவி. அப்போது வெள்ளி, சூரியன் மறைந்ததும் மேற்கே தெரிகிற பருவம். அவரிடம் இருந்த தொலைநோக்கி ஏறக்குறைய 20 மடங்கு பெரிதாக்கிக் காட்டும். முதலில் வெள்ளி சின்னதாக, கிட்டத்தட்ட முழு வட்டமாக இருந்தது. வாரங்கள் போகப்போக ஒரு பக்கம் தேய்ந்தது; ஆனால் உருவம் பெரிதாகிக்கொண்டே வந்தது. டிசம்பர் நடுவில் பாதி வட்டம். அதற்குப் பிறகு பிறை.

தேயத் தேயப் பெரிதாவது நிலாவிடம் இல்லாத வழக்கம். நிலா நம்மைச் சுற்றுகிறது, தூரம் அதிகம் மாறாது. வெள்ளியோ சூரியனுக்கு அந்தப் பக்கம் இருக்கும்போது நம்மிடமிருந்து சுமார் 26 கோடி கிலோமீட்டர். இந்தப் பக்கம் வந்தால் சுமார் 4 கோடிதான். தொலைவில் இருக்கும்போது வெளிச்சம் பட்ட முகம் முழுக்க நம் பக்கம் இருக்கும். நெருங்கி வரும்போது இருண்ட முதுகுதான் நம் பக்கம். ஓரத்தில் மட்டும் ஒரு கீற்று.

இனி வில்லங்கத்துக்கு வருவோம். தாலமியின் பழைய அமைப்பில் பூமி நடுவில் இருக்கும்; வெள்ளி எப்போதும் பூமிக்கும் சூரியனுக்கும் இடையில் ஒரு சிறு வட்டத்தில் சுழலும். அந்தக் கணக்குப்படியும் பிறை தெரியும்! எப்போதும் பிறையாகத்தான் தெரியும். பாதிக்கு மேல் வெளிச்சம் தெரியவே வழியில்லை. ஆகவே தாலமியைச் சாய்த்தது பிறை இல்லை. அதற்கு முன்னால் தெரிந்த அந்தச் சின்ன முழு வட்டம்தான். வெள்ளி சூரியனுக்குப் பின்னால் போய் வந்தால்தான் அப்படித் தெரியும்.

கண்டதைக் கலிலியோ உடனே வெளியில் சொல்லவில்லை. 1610 டிசம்பர் 11 அன்று, பிராக் நகரிலிருந்த டஸ்கனி தூதர் வழியாக வானியலாளர் கெப்ளருக்கு ஒரு லத்தீன் எழுத்துப் புதிரை அனுப்பினார். வேறு யாராவது முந்திக்கொண்டால், நான் முன்பே எழுதிவைத்துவிட்டேன் என்று காட்டலாம். அதுவரை ரகசியமும் காக்கப்படும். 1611 ஜனவரி 1-ம் தேதிதான் விடை போனது: நிலா எடுக்கும் வடிவங்களையெல்லாம் வெள்ளியும் எடுக்கிறது. பாவம் கெப்ளர், இப்படிப்பட்ட புதிர்களோடு மல்லுக்கட்டியே களைத்தார். முன்பு வந்த சனிக் கோள் புதிரை, செவ்வாய்க்கு இரண்டு நிலாக்கள் என்று தவறாகப் படித்தார். 1877-ல் செவ்வாய்க்கு உண்மையிலேயே இரண்டு நிலாக்கள் கண்டுபிடிக்கப்பட்டது வேறு விஷயம்.

இதில் ஒரு பஞ்சாயத்தும் உண்டு. கலிலியோவின் மாணவர் பெனடெட்டோ காஸ்டெல்லி, பூமி சூரியனைச் சுற்றுகிறது என்று கோப்பர்நிக்கஸ் சொன்னது சரியென்றால் வெள்ளி வடிவம் மாறவேண்டுமே என்று கேட்டு எழுதிய கடிதத்தின் தேதி டிசம்பர் 5. ஆறே நாளில் புதிர் கிளம்பிவிட்டது. மாணவரின் யோசனையைக் குரு தனதாக்கிக்கொண்டாரோ என்று சில வரலாற்றாசிரியர்கள் சந்தேகித்தார்கள். எனக்கு அதில் நம்பிக்கையில்லை. ஆரம்பத்தில் சின்ன வட்டமாக இருந்தது என்று அவர் பின்னர் எழுதியது, அந்த மாதங்களில் வெள்ளி இருந்த நிலைக்குச் சரியாகப் பொருந்துகிறது.

1611-ல் ரோமிலிருந்த இயேசு சபைக் கணித அறிஞர்களும் வெள்ளியின் வடிவ மாற்றத்தை ஒப்புக்கொண்டார்கள். ஆனால் கோப்பர்நிக்கஸ் வென்றுவிடவில்லை. டைக்கோ பிராஹே என்ற வானியலாளரின் அமைப்பில் கோள்கள் சூரியனைச் சுற்றும். சூரியன் அந்தக் கோள்களையும் இழுத்துக்கொண்டு அசையாத பூமியைச் சுற்றும். அதிலும் வெள்ளி அதே வடிவங்களைத்தான் காட்டும். வெள்ளியைத் தொலைநோக்கியில் பார்த்து இந்த இரண்டு அமைப்புகளையும் பிரித்தறிய முடியாது. 1639-ல் ஜோவான்னி சூப்பி புதனிலும் இதே மாற்றத்தைக் கண்டார். அதுவும் இந்த வழக்கைத் தீர்க்கவில்லை. பூமி நகர்கிறது என்பதற்கு நேரடிச் சான்று கிடைத்தது 1720-களின் கடைசியில். ஜேம்ஸ் பிராட்லி என்ற ஆங்கிலேயர், விண்மீன்களின் இடம் ஆண்டு முழுவதும் மிக நுட்பமாக விலகித் திரும்புவதை அளந்து, அதற்குப் பூமியின் ஓட்டமே காரணம் என்று காட்டினார். அவர் அளந்தது வெள்ளியை அல்ல. முக்கியமாக, டிராகன் மண்டலத்து விண்மீன் ஒன்றை.