குற்றவியல் வழக்கின் பாதையும் நாம் எண்ண வேண்டிய நாள்களும்

(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)

 



சட்டம் பற்றிச் சிறிது பேசுமாறு கமிட்டியார் பணித்தார்கள். சட்டமோ பெரிது, நமக்குக் கிடைத்திருப்பது மஃரிபுக்கும் இஷாவுக்கும் இடைப்பட்ட நேரம். ஆகவே, நள்ளிரவில் கதவைத் தட்டி, "பையனை ஸ்டேஷனுக்குக் கொண்டு போய்விட்டார்கள், என்ன செய்வது?" என்று கேட்கும் தகப்பனாருக்குச் சொல்ல வேண்டியதை மட்டும் சொல்ல விழைகிறோம்.

1973ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் இடத்தில் 2024 ஜூலை 1 முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா நடைமுறைக்கு வந்துள்ளது. பிரிவு எண்கள் மாறின. வழக்கு நடக்கும் பாதை பெரும்பாலும் பழைய பாதையே. முதல் தகவல் அறிக்கையில் அது தொடங்குகிறது. பிடியாணை இன்றிக் கைது செய்யத்தக்க குற்றம் நடந்ததாகப் புகாரிலிருந்து தெரிந்தால் அதைப் பதிந்தே ஆக வேண்டும் என்று லலிதா குமாரி வழக்கில் 2013இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. புகார் கொடுத்தவருக்கு அதன் நகல் இலவசம்.

கைதானவரை, பயண நேரம் நீங்கலாக, 24 மணி நேரத்திற்குள் நடுவர் முன் நிறுத்த வேண்டும். கைதின் காரணத்தைச் சொல்ல வேண்டும். விரும்பும் வழக்கறிஞரைக் கலந்துகொள்ள இடமளிக்க வேண்டும். இவை அரசியல் சாசனத்தின் 22ஆம் பிரிவு தரும் உரிமைகள். ஏழு ஆண்டு வரை தண்டனைக்குரிய குற்றங்களில் காரணம் எழுதாமல் கைது செய்யலாகாது என்று அர்னேஷ் குமார் வழக்கில் 2014இல் கூறப்பட்டது. காவலர் முன் கொடுக்கும் ஒப்புதல் வாக்குமூலத்தைக் கொண்டு குற்றத்தை நிரூபிக்க இயலாது. இந்த முதல் நாளில் நம்மவர்கள் வழக்கறிஞரைத் தேடுவதில்லை. வட்டச் செயலாளரைத் தேடுகிறார்கள்.

நடுவர் ரிமாண்டுக்கு அனுப்பிய பின்னர்தான் மிக முக்கியமான கட்டம் வருகிறது. மரணம், ஆயுள், அல்லது பத்தாண்டும் அதற்கு மேலும் தண்டனைக்குரிய குற்றமாயின் 90 நாள்களுக்குள்ளும், ஏனையவற்றில் 60 நாள்களுக்குள்ளும் காவல்துறை குற்றப்பத்திரிகை தாக்கல் செய்ய வேண்டும். தவறினால், ஜாமீன் கேட்பவருக்கு அதைப் பெறும் உரிமை உண்டு. குற்றத்தின் கொடுமையைக் காட்டி அதை மறுக்க இயலாது. வழக்கறிஞர்கள் இதைக் கட்டாய ஜாமீன் என்பார்கள். வணிக அளவிலான போதைப்பொருள் வழக்குகளில் இந்தக் கெடு 180 நாள்கள். சட்டவிரோதச் செயல்கள் தடுப்புச் சட்ட வழக்குகளில், அரசு வழக்கறிஞரின் அறிக்கையை ஏற்று நீதிமன்றம் 180 நாள்கள் வரை நீட்டிக்கலாம்.

"கேட்பவருக்கு" என்ற சொல்லைக் கவனியுங்கள். கேட்காதவருக்கு அது தானாக வராது. நாம் அறிந்த ஒரு குடும்பத்தில் பையன் 90 நாள் வகையைச் சேர்ந்த வழக்கில் உள்ளே இருந்தான். 91ஆம் நாள் விடிந்தபோது குற்றப்பத்திரிகை தாக்கலாகவில்லை. அன்று காலை ஒரு மனுப் போட்டிருந்தால் போதும். வீட்டாரோ அந்த வாரம் முழுவதும் பெரிய இடத்துச் சிபாரிசுக்காகச் சென்னையில் காத்திருந்தார்கள். 94ஆம் நாள் குற்றப்பத்திரிகை வந்துவிட்டது, உரிமையும் போயிற்று. பையன் மேலும் ஐந்து மாதம் சிறையில் கிடந்தான்.

எண்ணிக்கையிலும் பிசகக் கூடாது. ரிமாண்டு செய்த நாளையும் சேர்த்தே எண்ண வேண்டும் என்று 2023இல் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. வாய்மொழியாகக் கேட்டாலும் போதும் என்று 2017இல் ராகேஷ் குமார் பால் வழக்கில் கூறியிருக்கிறது. கெடு முடிந்த பின் மனுப் போட்டுவிட்டால், அதற்குப் பிறகு வரும் குற்றப்பத்திரிகை அந்த உரிமையைப் பறிக்காது.

அதன் பிறகு விசாரணை. குற்றப்பத்திரிகையின் நகல்கள் எதிரிக்கு இலவசமாகத் தரப்படும். கொலை போன்ற வழக்குகளை நடுவர் செஷன்ஸ் கோர்ட்டுக்கு அனுப்பிவிடுவார். குற்றச்சாட்டு வனைதல், அரசுத் தரப்புச் சாட்சிகள், குறுக்கு விசாரணை என்று வழக்கு நகரும். சாட்சியத்தை மறைப்பது பாவம் என்று ஜும்ஆ பயானில் கேட்கிறோம். சம்மன் வந்தால் வெளியூர் போய்விடுகிறோம்! அரசுத் தரப்புச் சாட்சியம் முடிந்ததும் நீதிபதி எதிரியிடம் நேரடியாகக் கேள்வி கேட்பார். "எல்லாம் பொய்" என்று ஒரே சொல்லில் முடித்து, விளக்கம் சொல்லும் வாய்ப்பை இழப்போர் பலர். வழக்கறிஞரிடம் முன்னரே கலந்து, விளக்கம் இருந்தால் சொல்வதே நன்று.

நடுவர் தண்டித்தால் செஷன்ஸ் கோர்ட்டில் அப்பீலுக்கு 30 நாள். செஷன்ஸ் கோர்ட் தண்டித்தால் உயர் நீதிமன்றத்தில் 60 நாள். மரண தண்டனையாயின் 30 நாள். தென் மாவட்டத்தாருக்கு 2004 முதல் மதுரைக் கிளை இருப்பதால் சென்னைப் பயணம் மிச்சம்.

தண்டிக்கப்படாமலேயே ஆண்டுக்கணக்கில் கிடப்பவர்களின் நிலை தனி. பீகார் சிறைகளில் உரிய தண்டனைக் காலத்தை விடவும் நெடுநாள் அடைபட்டிருந்த விசாரணைக் கைதிகளின் கதையை 1979இல் ஹுஸைனாரா காத்தூன் வழக்கு வெளிக்கொணர்ந்தது. இன்று, மரணமோ ஆயுளோ தண்டனையாக இல்லாத ஒரே வழக்கில் உள்ளவர், முன்பு தண்டனை பெறாதவராயின் உச்சபட்சத் தண்டனையில் மூன்றில் ஒரு பங்கும், மற்றவர் பாதியும் கழித்த பின் ஜாமீன் கேட்கலாம்.

வக்கீலுக்குப் பணமில்லை என்ற கவலையும் வேண்டாம். காவலில் இருப்பவருக்கும் பெண்களுக்கும் வருமான வரம்பின்றி இலவச வழக்கறிஞர் உண்டு. தாலுகா சட்டப் பணிகள் குழுவை அணுகலாம். 15100 என்ற எண்ணிலும் பேசலாம்.

ஒரு கோடு போட்ட நோட்டைச் செயலாளரிடம் கொடுத்திருக்கிறோம். நம் மஹல்லாவில் எவர் கைதானாலும் ரிமாண்டுத் தேதி, 60ஆம் நாள், 90ஆம் நாள் மூன்றையும் அதில் எழுதிப் பள்ளி அலுவலகத்தில் வைக்க அவர் இசைந்துள்ளார். தகவலை அன்றன்றே சேர்ப்பிக்குமாறு வீட்டாரைக் கேட்டுக்கொள்கிறோம்.