பத்மநாபபுரத்தில் ஒரு பகல்



பத்தாம் ஆண்டு விழாவில் மன்றம் கடந்து வந்த வழியைப் போற்றிப் பேசுவது மரபு. அதனைப் பின்னர்ப் பேசவிருப்போர் செவ்வனே செய்வர். இவ்வுரை, இம்மன்றத்தில் அரங்கேறிய ஒரு கவிதை பின்னாளில் பட்ட பாட்டைச் சொல்வது. மூன்றாம் ஆண்டு விழாவில் படிக்கப்பெற்று, நெடுநேரம் கைதட்டல் பெற்ற கவிதை அது. நாற்பத்தெட்டு அடிகள், பொருள், பத்மநாபபுரம் அரண்மனை. கேட்டவர்கள் பலர் இங்கிருக்கின்றனர். எழுதிய கவிஞரும் இருக்கிறார். தம் பெயரைச் சொல்லலாகாது என்னும் நிபந்தனையோடுதான் இச்செய்தியைச் சொல்ல இசைந்தார்.

கவிதையின் கரு எளியது. கம்பர் வழிபட்ட கலைமகள் திருமேனி அவருக்குப் பின் சேர மன்னரிடம் வந்து சேர்ந்தது என்றும், ஆண்டுதோறும் நவராத்திரி விழா எடுப்பதாக மன்னர் வாக்களித்தார் என்றும் நாஞ்சில் நாட்டார் வழிவழியாகச் சொல்லி வருகின்றனர். கல்வெட்டுச் சான்று கேட்பவர்க்கு இதில் வேலையில்லை. ஆனால் திருமேனி இருக்கிறது. அரண்மனையை ஒட்டிய தேவாரக்கெட்டில் வழிபடப்பெறுகிறது. நவராத்திரிக்கு முன் அது யானைமீது ஏறுகிறது. வேளிமலைக் குமாரசுவாமியும் சுசீந்திரம் முன்னுதித்த நங்கையும் பல்லக்கில் உடன்வரத் திருவனந்தபுரம் செல்கிறது. புறப்பாட்டின்போது உப்பரிகை மாளிகையிலிருந்து மன்னரின் உடைவாள் எடுத்துக் கையளிக்கப்பெறுகிறது. இரு மாநிலக் காவலரும் அணிவகுத்து மரியாதை செய்கின்றனர். கவிஞர்க்கு இதற்குமேல் என்ன வேண்டும்? தமிழ்க் கவிதையே யானை ஏறி எல்லை கடக்கிறது என்று பாடிவிட்டார். அரண்மனையைக் கவிதைக்குக் கூரை வேய்ந்த வீடு என்றார். நவராத்திரி மண்டபத்து ஆடலை மரச்சட்டங்களின் பின்னிருந்து கண்ட அரசமாதரை முகிலுக்குள் ஒளிந்த நிலவுகளாக்கினார். அரண்மனையை அவர் பார்த்தது பள்ளிப் பருவத்தில் ஒரே ஒரு முறை. அதுவும் மாணவிகளின் வரிசையில் முன்னிற்பவளின் பின்னலைப் பிடித்துக்கொண்டு.

கவிஞர்க்கு ஒரு தோழி உண்டு. நாகர்கோவிலில் ஒரே கல்லூரியில் படித்து, ஒரே விடுதி அறையில் மூன்றாண்டுகள் வாழ்ந்தவர்கள். தோழி வரலாற்று ஆசிரியையாகித் தலைமையாசிரியையாக ஓய்வு பெற்றவர். தக்கலைக்கு நான்கு கிலோமீட்டர் தொலைவிலுள்ள சிற்றூர் அவருடையது. ஆயினும் அரண்மனைக்குள் அவர் ஒருமுறையும் சென்றதில்லை. ஆண்டுதோறும் பள்ளிச் சுற்றுலா அங்கே போகும். அவர் வேறோர் ஆசிரியையை அனுப்பிவிடுவார். ஓராண்டு முழங்கால் வலி என்பார். மற்றோராண்டு தேர்வுத்தாள் திருத்தம் என்பார்.

கவிஞர் தம் தொகுப்புக்கு முன்னுரை கேட்டபோதுதான் இவ்விலகல் வெளிப்பட்டது. "முன்னுரை எழுதித் தாறேன். ஆனா அந்தக் கொட்டாரத்துப் பாட்டு இருக்கிற புத்தகத்துக்கு எழுத மாட்டேன்" என்றார் தோழி. கவிஞர்க்குச் சினம் வந்தது. ஒரு வாரம் பேச்சில்லை. பிறகு அவரே தொலைபேசியில் அழைத்து, உள்ளே போய்ப் பார்க்காமல் ஒரு வீட்டைக் குறை சொல்வது முறையா என்று கேட்டார். மறுமுனையில் சிறிது நேரம் ஓசையில்லை. "சரி, வியாழக்கிழமை வாறேன்" என்று விடை வந்தது.

பயணத்தைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. பேருந்து, தக்கலையில் ஒரு தேநீர், கோட்டைச் சுவரைக் கடந்து சிறு நடை. வேளிமலை மேகம் போர்த்திக் கிடந்தது.

நுழைவாயிலில் சீட்டு வாங்கி, செருப்பை விட்டு உள்ளே சென்றனர். சீட்டைக் கொடுப்பது கேரள அரசு. 1956 நவம்பர் 1 அன்று கல்குளம், விளவங்கோடு முதலிய தாலுகாக்கள் தமிழகத்தோடு இணைந்தபோதும் அரண்மனை கேரளத்தின் பொறுப்பிலேயே நின்றது. நிலம் ஓர் அரசுடையது, நிலத்தின்மேல் நிற்கும் வீடு மற்றோர் அரசுடையது. எல்லாத் தமிழ்க் கவிஞரையும் போலவே நம் கவிஞரும் இங்கே ஒரு பெருமூச்சு விட்டார். தோழி திரும்பி நின்றார்.

"ஏட்டி, மாநிலத்து எல்லைக்கு இவ்வளவு வருத்தப்படுதியே. இந்தத் தெருவுக்கு ஒரு எல்லை இருந்துதே, அதுக்கு உனக்க பாட்டுல ஒரு வரி உண்டா?"

அவ்விடத்தில்தான் அவர் தம் பாட்டியைப் பற்றிச் சொன்னார். கருப்பட்டிச் சுமையைத் தலையில் ஏற்றிக் கோட்டை வரை வருவது பாட்டியின் சிறு வயது வழக்கம். சுமையைக் கீழே வைத்துவிட்டு எட்டி நிற்க வேண்டும். வாங்குபவர் எடுத்துக்கொண்டு காசை மண்ணில் போட்டபின், சென்று பொறுக்கிக்கொள்ள வேண்டும். 1936 நவம்பர் 12 அன்று கோயில் நுழைவு ஆணை வந்து வழிகள் திறந்தபோது பாட்டி மணமாகிப் பிள்ளை பெற்றவள். பிறர் கோயிலுக்கும் கொட்டாரத்துக்கும் வேடிக்கை பார்க்கப் போனார்கள். பாட்டி போகவில்லை. போகச் சொன்னவர்களிடம், "எனக்கு அங்க என்ன சோலி" என்பாளாம். அந்தச் சொல்லைத்தான் பேத்தியும் இத்தனை ஆண்டுகள் காத்து வந்தார்.

அரண்மனையின் அறைப்பெயர்களைத் தமிழாசிரியர் எவரும் ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பார்க்க வேண்டும். பூமுகம், தாய்க்கொட்டாரம், ஊட்டுப்புரை, உப்பரிகை. மலையாளம் என்று எழுதி வைத்திருக்கிறார்கள்; தமிழ்க் காதுக்கு ஒன்றும் புதிதில்லை. புரை என்றால் வீடு என்று நம் அகராதியும் சொல்லும். கல்குளம் என்றிருந்த ஊரில் 1601 அளவில் இரவிவர்ம குலசேகரர் கட்டத் தொடங்கிய அரண்மனையை, 1750 அளவில் மார்த்தாண்ட வர்மர் விரித்துக் கட்டினார். அவ்வாண்டுதான் நாடு முழுவதையும் பத்மநாபருக்கு அளித்து, தாம் பத்மநாப தாசர் என்ற பெயரோடு ஆண்டார். தாசர் ஆண்ட நாட்டில், ஊழியம் என்ற பெயரில் கூலியின்றி உழைத்தவர்கள் இருந்தார்கள். மன்னர் தாசரானது சமய நிகழ்ச்சி. குடிகள் ஊழியரானது அவர்கள் கேளாமலே நிகழ்ந்தது.

பூமுகத்துக் கூரையில் தொண்ணூறு வகை மலர்கள் செதுக்கப்பட்டிருப்பதாக வழிகாட்டி சொன்னார். எந்தப் பக்கம் திருப்பினாலும் அப்படியே நிற்கும் குதிரை விளக்கைத் திருப்பிக் காட்டினார். மேலே மந்திரசாலையில் அப்பிரகம் பதித்த சன்னல்கள் வெயிலை வடிகட்டி உள்ளே விட்டன. வெளியே புழுக்கம், உள்ளே மரத்தின் குளிர்ச்சி. தோழி எதையும் பேசாமல் பார்த்து வந்தார். தரையருகே வந்ததும் குனிந்து கையை வைத்தார். கரிய பளிங்கு போல் முகம் காட்டும் தரை. சிரட்டைக் கரியும் சுண்ணாம்பும் முட்டை வெண்கருவும் சேர்த்துச் செய்தது என்றார் வழிகாட்டி.

"சிரட்டை சுட்டது யாரு?"

வழிகாட்டி இதுவரை இக்கேள்வியைக் கேட்டதில்லை போலும். சிரித்துக்கொண்டு, "பணிக்காரர், அம்மா" என்றார். தோழி கையை எடுக்கவில்லை. "நல்ல தரை. அதைச் சொல்லாம இருக்கப்பிடாது" என்றார். கவிஞர்க்கு அப்போது நெஞ்சு நிறைந்தது. தம் கவிதை வென்றுவிட்டதாகவே எண்ணினார்.

அவ்வெண்ணம் ஊட்டுப்புரை வரை நீடித்தது. நீண்டு கிடக்கும் இரண்டு தளங்கள். தளத்துக்கு ஆயிரம் பேராக இரண்டாயிரம் பேர் ஒரே வேளையில் உண்ணலாம். உண்டவர்கள் பிராமணர்கள். ஊறுகாய் வைத்த சீனச் சாடிகள் இன்றும் இருக்கின்றன. கவிஞர் தம் பாட்டில் இவ்விடத்தை அட்சய பாத்திரம் என்று பாடியிருந்தார். பசித்த உலகம் முழுதும் வந்து உண்டதாக ஓர் அடியும் உண்டு. அந்த அடியைத் தோழி மனப்பாடமாகச் சொன்னார். குரலில் ஏளனமில்லை, வகுப்பில் பாடம் ஒப்பிப்பதுபோல் சொன்னார். சொல்லிவிட்டு அந்த நெடுங்கூடத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நடந்து திரும்பினார்.

"உலகம் முழுதும்னு எழுதியிருக்க. எனக்க பாட்டி எந்தப் பந்தியில இருந்தா?"

கவிஞர் விடையின்றி நின்றார் என்று சொன்னால் கதை முடிந்துவிடும். ஆனால் அவர் அவ்வளவு எளிதில் தோற்பவர் அல்லர். தோள்சீலைக் கொடுமையை வைத்து நீ இந்த வீட்டை வெறுக்கிறாய். அந்த ஆணைகள் இங்கிருந்து போகவில்லை. 18ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே தலைநகர் திருவனந்தபுரத்துக்கு மாறிவிட்டது என்றார். தோழி ஒப்புக்கொண்டார். நாடார் முதலிய சமூகப் பெண்கள் மேல்சீலை அணிவதைத் தடுத்த 1829ஆம் ஆண்டு ஆணையும், பெரும் கலகத்துக்குப் பின் 1859 ஜூலை 26 அன்று வந்த ஆணையும் திருவனந்தபுரத்து ஆணைகளே. இரண்டாவது ஆணையும் தோளை மறைக்க இசைந்ததே ஒழிய, உயர்சாதிப் பெண்களைப் போல் அணியலாகாது என்று வரம்பிட்டது. இவற்றை முப்பதாண்டுகள் கரும்பலகையில் எழுதியவர் அவர். "வீட்டை வெறுக்கல்ல. இது மரமும் சுண்ணாம்பும். நான் கேட்டது உனக்க பாட்டை" என்றார்.

பாட்டைத்தான் கேட்டார். அவையோர் இதனைக் கருத்தில் கொள்ள வேண்டும். மன்னர்க்குக் கல்தச்சரும் மரத்தச்சரும் கட்டித் தந்தார்கள். தம் வேலையைத் திறம்படச் செய்தார்கள். பசித்த உலகம் முழுதும் உண்டது என்று எழுதியவர் தச்சர் அல்லர். கவிஞர்.

நவராத்திரி மண்டபத்தில் கூட்டமில்லை. கல்தூண்களும், விளக்கேந்திய பாவையரும், மீண்டும் அந்தக் கரிய தரையும். ஒருகாலத்தில் கலைமகளின் விழா இங்கேயே நடந்தது. அதன்பின்தான் திருவனந்தபுரத்துக்குச் சென்றது. அரசமாதர் ஆடலும் பாடலும் காண்பதற்கான மரச்சட்டத்தடுப்பு ஒருபுறம் இருந்தது. கவிஞர் அதன் துளையில் கண்ணை வைத்துப் பார்த்தார். ஒரு தூணும், மற்றொரு தூணின் பாதியும், இடையில் ஒரு கை அகலத் தரையும் தெரிந்தன. தலையைச் சாய்த்தார், தூண் மாறியதே தவிர அகலம் கூடவில்லை. ஆடுபவள் அந்த இடைவெளியைக் கடக்கும்போது மட்டும் அவளைப் பார்த்திருக்கலாம். முகிலுக்குள் நிலவு என்று எழுதியவர் முகிலுக்குள்ளிருந்து பார்த்தது அதுவே முதல் முறை. நெடுநேரம் அங்கேயே நின்றார். தோழிதான் வந்து தோளைத் தொட்டு, "பஸ்ஸுக்கு நேரமாச்சு, பிள்ளே" என்றார்.

அருங்காட்சியகத்தைத் திரும்பும் வழியில் பார்த்தனர். கல்வெட்டுகளையும் சிற்பங்களையும் கடந்து ஓரிடத்தில் ஓர் இரும்புக் கூண்டு. மனித உடலின் வடிவில் பட்டைகளை வளைத்துச் செய்தது. தண்டனை பெற்றவரை அதில் அடைத்துப் பறவைகளுக்கு இரையாகத் தொங்கவிடுவர். அளவெடுத்துச் செய்ததுபோல் இருந்தது. அதன்முன் இருவரும் ஒன்றும் பேசிக்கொள்ளவில்லை.

தக்கலைப் பேருந்து நிலையத்தில் கவிஞர், அக்கவிதையைத் தொகுப்பிலிருந்து எடுத்துவிடுவதாகச் சொன்னார். தோழி உடனே மறுத்தார். எடுத்துவிட்டால், அதற்குக் கைதட்டிய அவையும் சேர்ந்து மறைந்துபோகும் என்றார். கடுமையான சொல்தான். இவ்வவைக்கும் அதில் பங்குண்டு. அன்று கைதட்டியவர்களில் ஒருவரும் ஊட்டுப்புரையில் உண்டவர் யாரென்று கேட்கவில்லை.

கவிதை நூலில் இருக்கிறது. ஓரெழுத்தும் மாற்றப்படவில்லை, அடியில் எழுதிய ஆண்டு மட்டும் சேர்க்கப்பட்டிருக்கிறது. எதிர்ப்பக்கத்தில் பதினொரு அடிகளில் புதிய கவிதை ஒன்று. அதில் மன்னர் இல்லை, யானை இல்லை. கருப்பட்டிச் சுமையோடு ஒரு சிறுமி வெளியே நிற்கிறாள். துளையில் கண்ணை வைத்த ஒருத்தி உள்ளே நிற்கிறாள். பாடல் இருவருக்கும் அரைகுறையாகக் கேட்கிறது. முதற்கவிதையின் ஓசைநயம் இதற்கில்லை என்று இம்மன்றத்து மூத்த கவிஞர் ஒருவர் சொன்னார். அது உண்மையே. ஆயினும் இரண்டையும் அடுத்தடுத்துப் படிப்பவர் முதலாவதன் ஓசையை முன்போல் கேட்க இயலாது.

முன்னுரை இரண்டு மாதத்தில் வந்தது. நாலே பக்கம். அரண்மனைக் கவிதையைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. தனித்தாளில் சிவப்பு மையால் ஒரு திருத்தம் மட்டும் இணைத்திருந்தார்: பழைய கவிதையின் பதினேழாம் அடியில் கருங்கல் தரை என்றிருக்கிறது, அது கல்லன்று, சிரட்டைக் கரி. கவிஞர் அதைத் திருத்தவில்லை. தவறும் அவ்வாண்டுக்கு உரியது என்று விட்டுவிட்டார். இதன்பொருட்டு இருவர்க்கும் இன்றும் வழக்கு உண்டு.

சென்ற கோடை விடுமுறையில் தோழி தம் பேத்தியர் இருவரை அழைத்துக்கொண்டு மீண்டும் பத்மநாபபுரம் சென்றார். திங்கட்கிழமை அரண்மனைக்கு விடுமுறை என்பது அவர் நினைவில் இல்லை. கதவு பூட்டிக் கிடந்தது. வந்தது வந்தாயிற்றென்று, பிள்ளைகளைக் கோட்டைச் சுவரை ஒட்டி நடத்திச் சென்று, வெளியிலிருந்து தெரியும் ஓட்டுக்கூரைகளையும் மணிக்கூண்டையும் காட்டினார். சின்னவள், பாட்டி முன்பு இங்கே வந்திருக்கிறாளா என்று கேட்டாளாம். உள்ளே ஒருமுறை வந்திருக்கிறேன் என்று சொல்லிவிட்டு, கருப்பட்டி இறக்கி வைத்த இடம் எதுவாக இருக்கும் என்று தெருவின் இருபுறமும் பார்த்துக்கொண்டே நடந்தார்.