சயாமுக்குப் போன அண்ணன்

நான் ஈப்போவில் படிக்கும் கல்லூரி மாணவி. ஆன் பிராங்கின் நாட்குறிப்பைப் படித்துக் கட்டுரை எழுதச் சொன்னார்கள். 60 லட்சம் யூதர்கள் கொல்லப்பட்ட கதை. அழுதுகொண்டே எழுதினேன், நல்ல மதிப்பெண் கிடைத்தது.

தொண்ணூறு தாண்டிய என் கொள்ளுப்பாட்டியிடம் அதைச் சொன்னேன். தோட்டத்து லயத்தில் பிறந்தவர். "எங்கண்ணன் சயாமுக்கு ரயில் ரோடு போடப் போனாரும்மா, திரும்பவே இல்ல" என்றார். அதுவரை நான் கேட்டதே இல்லை.

1942, 43-இல் ஜப்பானியர் போட்ட அந்த 415 கிலோமீட்டர் பாதையில் மலாயாத் தோட்டத் தமிழர்கள் ஆயிரக்கணக்கில் மாண்டார்கள். காஞ்சனாபுரியில் போர்க் கைதிகளுக்குப் பெயர் பொறித்த கல்லறைகள் உண்டு. நம்மவர்களுக்கு அப்படி இல்லை.

ஆனின் அப்பா உயிரோடு திரும்பினார். 1947-இல் நாட்குறிப்பு நூலானது. நமக்கு எழுத யார் இருக்கிறார்கள்? இன்றிரவே வீட்டுப் பெரியவர்களிடம் ஒரு பெயரையாவது கேட்டு எழுதி வையுங்கள். நான் எழுதிவிட்டேன்.